வாய்வரை வந்த வார்த்தை

மயிலம்மாளுக்குப் பயம் வந்தால் முதலில் அடிவயிறுதான் இழுத்துப் பிடிக்கும். அந்த வியாழக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஒவ்வொருவராக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே அது பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. லீவு விடுவார்கள் என்று காலையில் எல்லா வீட்டிலும் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடவில்லை. பத்து மணிக்குத் தொடங்கிய மழை இன்னும் நின்றபாடில்லை.

அந்த வேனில் அவளுக்கு ஆயா வேலை. பிள்ளைகளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், வழியில் வாந்தி எடுத்தால் துடைக்க வேண்டும். நாலு வருஷமாகச் செய்கிறாள். வண்டி ஸ்டீபன்ராஜுடையது. ஓட்டுவதும் அவன்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனைத் தம்பி என்பாள். பிள்ளைகள் மொத்தம் பதினோரு பேர், எல்லோரும் காட்டூர்ப் பக்கம். ஐந்தாம் வகுப்பு யாழினிதான் பெரியவள். யு.கே.ஜி. படிக்கும் கனிஷ்காதான் கடைக்குட்டி.

வண்டி கிளம்பும் முன்பே ஸ்டீபன்ராஜின் செல்போன் அடித்தது. பிரான்சியின் அம்மா பேட்ரிசியா. ஸ்பீக்கரில் அவள் குரல் மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது.

"அண்ணா, அஞ்சரைக்கு எங்களுக்கு ட்ரெயின். நேத்தே வேன் குரூப்ல போட்டிருந்தேனே. நாலரைக்குள்ள பிரான்சிய விட்டுருவீங்கல்ல?"

"விட்டுருவேன் மேடம். கவலைப்படாதீங்க."

பைபாஸ் ஏறி ஆற்றுப் பாலத்தைக் கடந்தபோது இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியவில்லை. வைப்பர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடி வெள்ளையாகவே இருந்தது. லாரிக்காரர்கள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் மட்டும் கும்மாளமாக இருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்த இடத்தில் விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள் பிரான்சி.

காட்டூருக்குப் போக இரண்டு வழிகள். நேராகப் போய் மேம்பாலம் ஏறிச் சுற்றி வந்தால் அரைமணி நேரம் பிடிக்கும். டீக்கடை முக்கில் திரும்பி, ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வே வழியாகப் போனால் பத்து நிமிஷம். தினமும் சப்வே வழிதான். ஆனால் பெரிய மழை பெய்தால் அதில் தண்ணீர் கட்டும். அது எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அது நிரம்பினால் வழிவதற்கு வேறு இடமில்லை.

டீக்கடை முக்கு நெருங்க நெருங்க மயிலம்மாளின் நாக்கு நுனிவரை வந்தது. சுத்திப் போயிடலாம் தம்பி. மூன்றே வார்த்தை. ஆனால் சொல்லவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆடிப் பெருக்கன்று இதேபோல அவள்தான் வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் கூட்டமாக இருக்கும், வேறு வழியாகப் போகலாம் என்றாள். அவனும் கேட்டான். போன வழியில் ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் தாமதம். கூட்டம் என்று அவள் சொன்ன ரோட்டில் அன்றைக்கு ஈ காக்கா இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு வாரத்துக்கு அவனுக்கு அதுதான் பேச்சு. "இது மயிலக்கா ரூட்டுடா" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்புக்குப் பிறகு வழியைப் பற்றி அவள் பேசுவதே இல்லை.

வண்டி முக்கில் திரும்பியது. சப்வேயின் சரிவில் இறங்கும் இடத்தில் ஸ்டீபன்ராஜ் பிரேக் போட்டான். கீழே பழுப்புத் தண்ணீர் கிடந்தது. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. முன்னால் ஒரு டவுன் பஸ் இறங்கி, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பிளந்துகொண்டு அந்தப் பக்கம் ஏறிப் போனது. பின்னால் வந்த கார்க்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. டாஷ்போர்டில் கிடந்த போன் மறுபடி அதிர்ந்தது. பேட்ரிசியா.

ஸ்டீபன்ராஜ் கண்ணாடி வழியாக மயிலம்மாளைப் பார்த்தான்.

"என்னக்கா, போயிரலாமா?"

அவன் கேட்டான். கேட்காமல் ஒன்றும் போய்விடவில்லை. அதுதான் பிற்பாடு அவளை அரித்தது.

"உங்க இஷ்டம் தம்பி" என்றாள்.

"பஸ்ஸு போயிருச்சு. நாமளும் போயிரலாம்." கியரை மாற்றினான்.

பாதி தூரம் சரியாகத்தான் போனது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவர்களுக்கு அது படகு. நடுப்பள்ளத்துக்கு வந்தபோது இன்ஜின் ஒரு தரம் இருமியது, இன்னொரு தரம் இருமியது, அப்புறம் நின்றுவிட்டது. சட்டென்று எல்லாச் சத்தமும் அடங்கிப்போனது. மேலே மழை கேட்டது. அதற்குக் கீழே வேறொரு சத்தமும் கேட்டது. குழாய் திறந்துவிட்டதுபோல, ஆனால் ஒரு குழாய் இல்லை, நூறு குழாய். மயிலம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வலது பக்கச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து வாய்க்கால் தண்ணீர் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டீபன்ராஜ் சாவியைத் திருப்பினான். கர்ர் என்றது. மறுபடி திருப்பினான். பின்னால் ஹாரன் அடித்த கார் எப்போதோ ரிவர்ஸில் மேலே போய்விட்டிருந்தது.

"ஒரு நிமிஷம்க்கா. பிடிச்சிரும். இப்பப் பிடிச்சிரும்."

கதவின் அடியிலிருந்து தண்ணீர் நாக்கு நீட்டியது. முதலில் படிக்கட்டு நனைந்தது. பிறகு தரை. பிள்ளைகள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். யாரோ ஒருவனுடைய சாப்பாட்டுப் பை மிதந்தது. கனிஷ்கா அழ ஆரம்பித்தாள். மயிலம்மாள் அவளைத் தூக்கிப்போய்க் கடைசி சீட்டின் மூலையில் உட்கார வைத்தாள். அங்கேதான் தரை கொஞ்சம் உயரம்.

"இங்கயே இருக்கணும். நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கவே கூடாது. சரியா கண்ணு?"

குழந்தை தலையாட்டியது.

ஸ்டீபன்ராஜ் இப்போது மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். லைன் கிடைக்கவில்லை. மறுபடி சாவி. மறுபடி போன். மயிலம்மாளுக்கு நீச்சல் தெரியாது. வண்டியை விட்டு இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இறங்கிய பிறகு இன்ஜின் கிளம்பிவிட்டால்? பிள்ளைகளை மழையில் நனைய விட்டாள் என்று பேச்சு வருமே. ஏதாவது ஒரு பிள்ளை கால் வழுக்கி விழுந்தால்? அந்த நேரத்திலும் மனசு இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு நிமிஷமாவது இருக்கும். முதல் சீட்டில் உட்கார்ந்திருந்த பையனின் முழங்காலைத் தண்ணீர் தொட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. இறங்கித் தப்பாகப் போனால் பிள்ளைகள் நனைவார்கள், அவள் திட்டு வாங்குவாள். அதோடு முடிந்துவிடும். உள்ளேயே இருந்து தப்பாகப் போனால் அதற்கப்புறம் எதையும் திருத்த முடியாது.

"தம்பி, சாவிய விடுங்க."

"இருங்கக்கா…"

"வண்டிய விடுங்கன்னு சொல்றேன்ல! புள்ளைங்கள எறக்கணும். வாங்க இந்தப் பக்கம்!"

அவள் அவனிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அவன் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. சாவியை விட்டான்.

கதவைப் பக்கவாட்டில் இழுத்ததும் தண்ணீர் மொத்தமாக உள்ளே வந்தது. மயிலம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். இடுப்புவரை இருந்தது. ஐஸ் மாதிரி சில்லிட்டது. இடது பக்கச் சுவரோரம், ரோட்டைவிட உயரமாக, நடந்து போகிறவர்களுக்கு ஒரு மேடை இருந்தது. அதற்கு இரும்புக் கம்பி வேலியும் உண்டு. நாலடி தூரம்தான். அந்த நாலடிக்குள் தண்ணீர் காலைப் பிடுங்கியது.

மேலே சரிவில் ஒரு சரக்கு ஆட்டோ நின்றது. அதிலிருந்து தாடி வைத்த ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை வழியாக ஓடி வந்தார். "எங்கிட்ட குடுங்கம்மா, எங்கிட்ட குடுங்க" என்று கை நீட்டினார். அவர் பெயர் நஸ்ருல்லா என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டீபன்ராஜ் வண்டிக் கதவிலிருந்து பிள்ளையை எடுத்துக் கொடுப்பான். மயிலம்மாள் தண்ணீரில் நின்று வாங்குவாள். நஸ்ருல்லா கம்பிக்கு மேலாகத் தூக்கிக்கொள்வார். ஒவ்வொரு பிள்ளையும் அவள் கழுத்தை நெரிக்கிற மாதிரி கட்டிக்கொண்டது. பிடியை விடுவிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் அவள் மார்புக்கு வந்தது.

கடைசியாக யாழினி. அவளுக்குப் பின்னால் ஸ்டீபன்ராஜும் குதித்தான். எல்லோரும் மேடையில் ஏறி, சரிவில் நடந்து, சரக்கு ஆட்டோவின் தார்ப்பாய்க்குள் போனார்கள். மயிலம்மாள் எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பிள்ளைகள் அசைந்துகொண்டே இருந்தார்கள். ஒன்பது. மறுபடி பத்து.

"யாழினி, பேரச் சொல்லும்மா. ஒவ்வொரு பேரா சொல்லு."

யாழினி பல் கிடுகிடுக்க, ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒவ்வொருவராக உள்ளேன் என்றார்கள். "கனிஷ்கா" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. "கனிஷ்கா?"

எந்திரிக்கவே கூடாது என்று சொன்னோமே.

மயிலம்மாள் ஓடினாள். ஓடியதாகத்தான் நினைத்தாள், கால்கள் வரவில்லை. மேடையிலேயே இப்போது கணுக்காலளவு தண்ணீர். வேன் நின்ற இடத்தில் இல்லை. பின்பக்கம் மிதந்து, குறுக்காகத் திரும்பியிருந்தது. சப்வேக்குள் இருந்த விளக்கும் போய்விட்டது. பின்னாலேயே வந்த ஸ்டீபன்ராஜ் அவளை முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வண்டியின் பின்புற ஏணியைப் பிடித்துக்கொண்டான். பின்கதவைத் திறக்கப் பார்த்தான். தண்ணீர் அழுத்தத்தில் அது அசையவில்லை.

"கண்ணாடியில பாருங்கக்கா, இருக்காளா?"

அவள் மேடைக் கம்பியில் ஏறி நின்று பார்த்தாள். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், கடைசி சீட்டின் மூலையில் குழந்தை சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது. அழவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனிஷ்கா! எந்திரிம்மா! ஆயாம்மா வந்துட்டேன், எந்திரி!"

குழந்தை உடனே எழுந்து சீட்டின் மேல் நின்றாள். அவ்வளவு நேரமும் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்ததுபோல. ஸ்டீபன்ராஜ் ஏணியில் ஒரு காலும் ஜன்னல் விளிம்பில் ஒரு காலுமாக நின்று, நகரும் கண்ணாடியைத் தள்ளினான். பாதிதான் திறந்தது. அந்தப் பாதியில் கையை விட்டுக் குழந்தையின் யூனிபாரத்தைப் பிடித்து இழுத்தான். தோள் சிக்கியது. குழந்தை வீல் என்று கத்தியது. அவன் விடாமல் இழுத்தான். வெளியே வந்ததும் மயிலம்மாள் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து வாங்கிக்கொண்டாள். வண்டி இன்னொரு தரம் திரும்பி, எதிர்ச்சுவரில் மோதும் சத்தம் கேட்டது. ஸ்டீபன்ராஜ் எப்படிக் கம்பியை எட்டிப் பிடித்தான் என்று அவனுக்கே பிறகு ஞாபகம் இல்லை.

டீக்கடையில் பிள்ளைகளுக்குச் சூடாகப் பால் கொடுத்தார்கள். கடைக்காரர் தன் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். அரைமணிக்குள் பெற்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சிலர் அழுதார்கள். சிலர் கத்தினார்கள். பேட்ரிசியா பிரான்சியைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரயிலைப் பற்றி யாருக்கும் நினைவில்லை.

"எப்பிடிங்க ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"திடீர்னு சார்" என்றான் ஸ்டீபன்ராஜ். நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தான். "நாங்க எறங்குறப்ப அவ்வளவா தண்ணியே இல்ல சார். நடுவுல போறப்ப வாய்க்கா ஒடைஞ்சு கொட்டிருச்சு. யாரு எதிர்பார்த்தா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கனிஷ்காவின் அப்பா பாலு மயிலம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நீங்க தெய்வம்மா எங்களுக்கு. நீங்க மட்டும் இல்லன்னா…"

மயிலம்மாளுக்கு வயிற்றில் மறுபடி அந்தப் பிடி. தண்ணீரில் நின்றபோது வந்ததைவிட இது மோசமாக இருந்தது. பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும். அவனும் நல்லவன்தான், வேண்டுமென்றே செய்யவில்லை. இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குச் சொல்ல வராது என்றும் அவளுக்குத் தெரியும்.

"இல்லீங்க" என்றாள். "நாங்க எறங்குறதுக்கு முன்னாடியே தண்ணி நின்னுச்சு. ஆழம் தெரியல. நின்னுதான் பார்த்தோம். தம்பி என்னையக் கேட்டாரு. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

பாலு அவள் கைகளை விட்டுவிட்டார். கோபமாக உதறவில்லை. விரல்கள் தானாகத் தளர்ந்து விலகின.

நாலு வீடுகளில் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கனிஷ்காவும் அதில் ஒருத்தி. ஸ்டீபன்ராஜ் ஒன்பது நாள் போன் செய்யவில்லை. மயிலம்மாள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடியும் அதற்குப் பின்னால் சப்பணம் போட்ட குழந்தையும்தான் வந்தது. "உண்மையச் சொன்னது சரிதான், கொஞ்சம் ஆறப்போட்டுச் சொல்லியிருக்கலாம்ல" என்றான் அவள் புருஷன் அம்மாசி.

பத்தாம் நாள் காலையில் ஸ்டீபன்ராஜ் வந்தான். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"ஏன்க்கா அப்பிடிச் சொன்னீங்க? அத்தனை பேரு முன்னாடி."

"நீங்க கேட்டப்ப உங்க இஷ்டம்னு சொன்னேன் தம்பி. நெனச்சத அன்னைக்கு ஒரு தடவ முழுங்குனதே போதும். இன்னொரு தடவ முழுங்க முடியல."

அவன் செருப்பைக் கழற்றினான். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தெனமும் யோசிக்கிறேன்க்கா. மறுபடி அந்தச் சரிவுல கொண்டுபோய் நிறுத்துனா என்ன பண்ணுவேன்னு. நான் மறுபடியும் எறங்கிருவேன்னுதான் தோணுது. பின்னாடி ஹாரன் அடிப்பான். போன் வரும். முன்னாடி ஒரு பஸ் போவும். அங்க நின்னுகிட்டு யாருக்கும் புத்தி வேல செய்யாது."

"அப்ப அங்க வச்சு யோசிக்கவே கூடாது தம்பி. காலையில கெளம்புறப்பவே முடிவு பண்ணிரணும். மழையா, மேம்பாலம்தான். எவ்வளவு மழைன்னுகூடப் பாக்கக் கூடாது. தூறல்னாலும் சுத்துதான்."

"இன்னொன்னும் இருக்குக்கா. இனிமே எங்கயா இருந்தாலும் நீங்க வேணாம்னா வேணாம். நான் காரணம் கேக்க மாட்டேன். சிரிக்கவும் மாட்டேன்." கடைசி வாக்கியத்தை அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க உங்க இஷ்டம்னு மட்டும் சொல்லக் கூடாது."

அன்றைக்கே வேன் குரூப்பில் அவன் செய்தி போட்டான். மழை நாளில் முக்கால் மணி நேரம் வரை தாமதமாகும், தயவுசெய்து ஓட்டும்போது போன் செய்ய வேண்டாம் என்று. மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

கார்த்திகை மாதக் கடைசியில் மறுபடி மழை வந்தது. பலத்த மழை இல்லை. ஆனாலும் மயிலம்மாள் பிள்ளைகளை இரண்டு தரம் எண்ணினாள். பழுது பார்த்த வண்டியில் ஏழு பிள்ளைகள். டீக்கடை முக்கு வந்தபோது ஸ்டீபன்ராஜ் திரும்பிப் பார்க்கவே இல்லை, நேராக ஓட்டினான். மேம்பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. வண்டிகள் ஊர்ந்தன. ஒரு பையன் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்து அழுதான். இன்னொருத்திக்குப் பசி. காட்டூர் போய்ச் சேர ஐம்பது நிமிஷம் கூடுதலாகிவிட்டது.

பேட்ரிசியா குடையோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னண்ணா இவ்வளவு நேரம்? எதிர்வீட்டுப் பையன் அப்பவே வந்துட்டான். அவங்க வேன் சப்வேலதான் வந்துச்சாம். ஒரு சொட்டுத் தண்ணி இல்லையாம்."

ஸ்டீபன்ராஜின் காது மடல் சிவந்தது. பேட்ரிசியா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பிரான்சியின் காய்ந்திருந்த தலையைத் தொட்டுப் பார்த்தாள், அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

வண்டி நகர்ந்ததும் அவன் மெல்லக் கேட்டான். "சும்மாவே சுத்திட்டோம் போலருக்கேக்கா."

"ஆமா தம்பி, சும்மாதான்" என்றாள் மயிலம்மாள். "நாளைக்கும் தூறுச்சுன்னா நாளைக்கும் சும்மா சுத்துவோம்."

அவளுக்குப் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அடுத்த தெருவில் வண்டி நின்றது. அவள் கதவை இழுத்துத் திறந்தாள். இன்னும் ஆறு பிள்ளைகளை இறக்க வேண்டியிருந்தது.